எல்லைக்கல்லின் இருபுறமும்

பெத்தப்புவா ஊரின் கீழ்ச்சரிவில் கர்வாலி மரம் ஒன்று பாதி வெட்டுண்ட நிலையில் நெடுங்காலம் நின்றுகொண்டிருந்தது. அதை முழுவதுமாக வெட்டிச் சாய்க்க ஊரில் எவருக்கும் மனம் வரவில்லை. கோடரி இறங்கிய இடத்தை மரமே தன் பட்டையால் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. விறகு பொறுக்கச் செல்லும் திர்சாள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கடந்துவிடுவாள். ஆயினும், அவ்விடத்தைக் கடக்கும்போது அவளுடைய நடை தானாகவே விரைவுபட்டுவிடும்.

அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருவர். ஒருவன் அவளுடைய கணவன் ஏபேரின் தம்பி யாமீன். மற்றவன் அவளுடைய சொந்தத் தம்பி ஆசேல். இருவரும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே மந்தையை மேய்த்து வளர்ந்தவர்கள். யாமீனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணமக்களுக்கென்று வீட்டின்மேல் எழுப்பும் அறைக்கு ஓர் உத்தரம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இருவரும் அன்று காலையில் சிரித்துப் பேசிக்கொண்டே சரிவில் இறங்கினார்கள்.

கோடையின் கடைசி நாள்கள் அவை. வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்த காம்பிலிருந்து, ஆசேல் ஓங்கிய வேகத்தில், கோடரியின் இரும்பு கழன்று பறந்தது. எதிரே அமர்ந்திருந்த யாமீன் அப்போதும் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு முடிவு பெறவில்லை.

திர்சாள் முற்றத்து அடுப்பில் அப்பம் தட்டிக்கொண்டிருந்தபோது ஆசேல் வந்து நின்றான். அவனுடைய கைகளையும் மேலாடையையும் பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அக்கா, அவன் எழுந்திருக்க மாட்டேங்கிறான்க்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."

"யாரு? யாமீனா?"

"இரும்பு கழண்டுடுச்சுக்கா. நான் வேணும்னு செய்யலை."

"அது கர்த்தருக்குத் தெரியும்டா. என் வீட்டுக்காரருக்குத் தெரியறதுக்குள்ள எபிரோனுக்கு ஓடு. திரும்பிப் பார்க்காதே."

கையில் மாவுடன் அவள் அப்படியே நின்றாள். செத்தவனின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, கொன்றவனுக்கு வழி சொன்னவள் தான்தான் என்பது, அவன் தோட்டத்துச் சுவரைத் தாண்டி மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எபிரோன் அடைக்கலப்பட்டணம். தெரியாமல் ஓர் உயிரைப் போக்கியவன் அங்கே ஓடிச் சேர்ந்துவிட்டால் அவனைத் தொடலாகாது. அதற்காகவே அந்தப் பட்டணத்துக்குச் செல்லும் பாதையை ஆண்டுதோறும் கல் பொறுக்கிச் சீர்செய்து வைப்பார்கள். அந்த ஆண்டு பெத்தப்புவாவின் பங்குக்குக் கல் பொறுக்கியவர்களுள் ஏபேரும் ஒருவன். தானே சீர்செய்த பாதையில் கையில் ஈட்டியுடன் அவன் ஆசேலைத் துரத்திச் சென்றான். எல்லைக்கல்லை அவன் அடைந்தபோது, ஆசேல் அதற்கு அப்பால் புல்வெளியில் முகங்குப்புற விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

சில நாள்கள் கழித்து, எபிரோனில் குடியிருந்த ஆலயப்பணிக் குலத்தாரான லேவியர் ஆசேலைக் காவலுடன் ஊர்வாசலுக்கு அழைத்துவந்தார்கள். மூப்பர்கள் அமர்ந்து விசாரித்தார்கள். இருவருக்குமிடையே முன்பகை உண்டா என்று கேட்டபோது, ஊரே ஏபேரின் முகத்தைப் பார்த்தது.

"பகை இல்லை" என்றான் ஏபேர். "எங்க வீட்டுச் சட்டியில கைவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவன்."

தீர்ப்பு அனைவருக்கும் தெரிந்ததுதான். ஆசேல் எபிரோனுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அவன் அதன் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் இறந்த பின் அவன் வீடு திரும்பலாம். எவரும் அவனை ஒன்றும் கேட்கலாகாது. அதற்குமுன் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே வந்தானானால், இறந்தவனின் இரத்தத்துக்குப் பொறுப்பேற்ற நெருங்கிய உறவினன் அவனைக் கொல்லலாம், அதில் குற்றமில்லை. அந்தப் பொறுப்பு யாமீனின் அண்ணனான ஏபேருடையது.

திர்சாளின் தந்தை அசரியேல், மகனுக்கு ஈடாகத் தம் ஒலிவத் தோப்பை ஏபேருக்குக் கொடுப்பதாகச் சொல்லி மூப்பர்களின் முன்னே மண்டியிட்டார்.

"எழுந்திருங்க பெரியவரே" என்றார் மூத்தவர். "தோப்பைக் கொடுத்து ரத்தத்தை மூட முடியாது. அதை அவன் வாங்கினாலும் தப்பு, நாங்க வாங்க விட்டாலும் தப்பு. இந்த மண்ணு நம்மளைச் சும்மா விடாது."

யாமீனின் தாய் எக்லாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"என் பிள்ளை கல்லறைக் குகைக்குள்ள கிடக்கான். இவர் பிள்ளை எபிரோன்ல உக்காந்து அப்பம் திம்பான். இதுதான் நியாயமா?"

"தன் வீட்டுல உக்காந்து திங்க மாட்டான் எக்லா" என்றார் மூத்தவர் தாழ்ந்த குரலில். "உன் வேதனைக்கு அது ஈடாகாதுன்னு எனக்கும் தெரியும்."

அன்றுமுதல் திர்சாள் ஒரே திரிகைக்கல்லின் ஒரு பக்கத்திலும், எக்லாள் அதன் மறுபக்கத்திலுமாக அமர்ந்து மாவு அரைத்தார்கள். மாமியார் மருமகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அரைத்துக்கொண்டே, "கேக்குதாடி? யாமீனோட ரத்தம் மண்ணுக்குள்ளேயிருந்து கத்துது" என்பாள். திரிகையின் ஓசையைத் தவிர வேறொன்றும் திர்சாளுக்குக் கேட்காது. ஆயினும், "கேக்குது அத்தை" என்பாள்.

ஒரு மாலையில், ஏபேர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டேவிட்டாள்.

"அவன் எல்லையைத் தாண்டினா நிஜமாவே செய்வீங்களா?"

"செய்வேன்."

"உங்க தோள்மேல ஏறி அத்திப்பழம் பறிச்ச பையன்."

"யாமீனும்தான் ஏறினான்."

"மனசு வருமா?"

ஏபேர் கால்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "மனசைக் கேட்டா செய்யப் போறேன்? கர்த்தர் ஒரு சொல்லைச் சொன்னா, அது பயமுறுத்தறதுக்குச் சொன்ன சொல் இல்லை, திர்சா. உன் தம்பி கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதுவும் அதே சொல்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் நம்பணும்."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கதவின் பின்புறம் ஈட்டி சாத்தியே இருந்தது. ஒவ்வொரு முதற்பிறை நாளிலும் ஏபேர் அதற்கு எண்ணெய் தடவுவான். எக்லாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆட்டு மயிர் கத்தரிக்கும் காலத்திலும், அத்திப்பழம் காயும் காலத்திலும் திர்சாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எபிரோன் சந்தைக்குச் செல்வாள். சந்தை ஒரு சாக்கு. வீட்டிலிருந்த அனைவருக்கும் அது தெரியும். எக்லாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஏபேர் மட்டும், "வழியில வெயில் அதிகம். தண்ணித் துருத்தியை நிறைச்சு எடுத்துக்கோ" என்பான். இதைத் தன்னை இளக்கித் தம்பியை வெளியே இழுக்கும் வேடனின் தந்திரம் என்றே அவள் எண்ணினாள்.

ஆசேல் லேவியரின் ஆடுகளை எல்லைக்கல்வரை மேய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போல் அங்கே வந்து சேர்ந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரதான ஆசாரியரின் தாய் எருசலேமிலிருந்து அப்பமும் ஆடையும் அனுப்பிவைப்பது வழக்கம்.

"எதுக்கு அனுப்பறாங்க தெரியுமாக்கா?" என்று சிரித்தான் ஆசேல், புதுச்சட்டையை இழுத்துக் காட்டி. "நாங்க எல்லாரும் சேர்ந்து அவங்க பிள்ளை சீக்கிரம் சாகணும்னு வேண்டிக்கக் கூடாதாம்."

"வேண்டிக்கிட்டியாடா?"

"வாய் நிறைய அப்பத்தை வச்சுக்கிட்டு எப்படிக்கா வேண்டறது?"

அவளும் சிரித்தாள். ஆனால் அவள் ஒருமுறை அப்படி வேண்டிக்கொண்டதுண்டு. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, சொன்ன சொல்லைத் திருப்பித் தந்துவிடும்படி கர்த்தரிடமே கெஞ்சியதும் உண்டு. ஓர் இரும்பு தானாகக் கழன்று பறந்ததற்காக, எருசலேமில் ஒரு பெரியவர் சாவதற்கு இங்கே ஓர் இளைஞன் காத்திருக்க வேண்டுமா என்று அவள் தன் தந்தையிடம் கேட்டதுண்டு. "போன உயிர் லேசானது இல்லைம்மா" என்றார் அசரியேல். "தேசத்திலேயே பெரிய உயிர் ஒண்ணு போனாத்தான் தராசு நிக்கும் போல."

ஒவ்வொரு முறையும் ஆசேல் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா எப்படியிருக்கார்?"

அசரியேலின் கால்கள் விழுந்துவிட்டிருந்தன. ஒருமுறை அவரைக் கழுதைமேல் ஏற்றி எல்லைவரை அழைத்துச் சென்றாள். பாதி வழியில் வலி தாங்காமல் திரும்பினார்கள். அதன்பின் அவர் எபிரோனின் திசையைப் பார்த்தபடி வாசலில் கிடந்தார். பல அறுப்புக் காலங்கள் கடந்தன. ஒரு திராட்சை அறுப்பின்போது, பொழுது புலர்ந்த வேளையில், அவர் கண்களை மூடினார்.

அன்று மாலைக்குள் அடக்கம் செய்ய வேண்டும். தந்தையைக் குகையில் வைக்க வேண்டியவன் மகன். அசரியேலுக்கு ஒரே மகன். செய்தி சொல்லி அனுப்பினால், ஆசேல் எந்தக் கல்லையும் பார்க்க மாட்டான், ஓடி வருவான். கதவின் பின்புறம் ஈட்டி இருந்தது. திர்சாள் தந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே முடிவு செய்தாள். சொல்லப் போவதில்லை. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் ஒவ்வொருவராகச் சென்று கைகளைப் பற்றினாள். எபிரோன் பக்கம் போகிறவர்கள் இதை ஆசேலின் காதில் போட்டுவிடாதீர்கள் என்று வேண்டினாள்.

அவள் வீடு திரும்பியபோது, கதவின் பின்புறம் ஈட்டி இல்லை.

"எங்கே போனார் அத்தை?"

எக்லாள் தலையை உயர்த்தினாள். அவளுடைய குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. "எங்கே போவான்? எல்லைக்குத்தான். அப்பன் செத்தா பிள்ளை வருவான்னு தெரியாதா? என் மகன் கடமை மறந்தவன் இல்லைடி."

அசரியேலை அண்டை வீட்டு ஆண்கள் சுமந்து சென்றார்கள். மருமகன் வரவில்லை. மாமனாரின் உடல் குகைக்குள் செல்லும் நேரத்தில், அவருடைய மகனைக் கொல்வதற்காக மருமகன் பாதையில் காத்திருக்கிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. சிலர் அதை மெச்சினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கத்தின் ஏழு நாள்களும் ஏபேர் திரும்பவில்லை. திர்சாள் தந்தை வீட்டுத் தரையில் அமர்ந்து, தெருவில் கேட்கும் ஒவ்வொரு காலடியையும் தன் தம்பியின் சாவுச்செய்தி என்று எண்ணி நடுங்கினாள்.

எட்டாம் நாள் ஏபேர் வந்தான். ஈட்டியைச் சாத்தினான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வெயிலும் புழுதியும் என்று அவள் நினைத்தாள்.

"அவன் வரலை" என்றான்.

"வராததுல உங்களுக்கு வருத்தம் போல."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தாயின் பக்கம் திரும்பிப் பார்த்து, தண்ணீர் கேட்டான். அவள் கொடுத்தாள். அன்றுமுதல் அவனுக்கு உணவைக் கொடுத்தாள். உடுப்பைத் துவைத்துக் கொடுத்தாள். பேச்சை மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த முறை எபிரோனுக்குச் செல்கையில், வழிநெடுகிலும் தன் முகத்தைப் பழக்கிக்கொண்டே சென்றாள். ஆசேல் கல்லருகே நின்றிருந்தான். அவளைக் கண்டதும், சற்றே தயங்கி, வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"அப்பா எப்படியிருக்கார்க்கா?"

"அவருக்கென்னடா? கழுதையைத் திட்டிக்கிட்டே இருக்கார்."

ஆசேல் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் கழுதையை?" என்றான்.

"அந்த வெள்ளைக்காதுக் கழுதையைத்தான். அது அவர் பேச்சை எப்பக் கேட்டுது?"

"அவர் பேச்சை அம்மாவே கேட்டதில்லை. கழுதை கேட்குமா?" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். திரும்பும் வழியில், ஆள் இல்லாத இடத்தில் கூடையை இறக்கிவைத்து அழுதாள்.

இவ்வாறு அசரியேல் மகனுக்காகத் தொடர்ந்து வாழ்ந்தார். ஓர் ஆண்டு அவர் புதிதாகத் திராட்சைக்கொடி நட்டார். மற்றோர் ஆண்டு பக்கத்து வீட்டு வெள்ளாடு அதைக் கடித்துவிட, அதற்காக ஊர்வாசலில் வழக்காடி வென்றார். அவருடைய கால்வலிகூடக் குறைந்தது. ஆசேல் ஒன்றையும் விடாமல் கேட்பான். கொடி காய்த்ததா, வெள்ளாடு மறுபடியும் வந்ததா என்று மறக்காமல் விசாரிப்பான். அவன் கேட்கக் கேட்க அவளுடைய பொய்க்கு வேர் ஆழமாக இறங்கியது. என்றேனும் ஒருநாள் இவன் வீடு திரும்பி வாசலில் நின்று அப்பா என்று அழைப்பானே, அப்போது என்ன சொல்வது என்ற அச்சம், அவன் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையோடு பின்னிக்கொண்டு வளர்ந்தது.

ஒருமுறை அவள் எபிரோனிலிருந்து திரும்பியபோது, வாசலில் அமர்ந்திருந்த ஏபேர் தாழ்ந்த குரலில் கேட்டான்:

"சிரிச்சானா?"

"உங்களுக்கு எதுக்கு அது?"

அவன் எழுந்து ஆட்டுப்பட்டியின் பக்கம் போனான்.

காலம் சென்றது. ஏபேருக்கும் திர்சாளுக்கும் பிறந்த இரண்டு பெண்மக்களும் மணமாகித் தொலைவுக்குச் சென்றார்கள். ஒரு மழைக்காலத்தில் ஏபேருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. திர்சாள் குறையின்றிப் பார்த்துக்கொண்டாள். ஈரத்துணியை மாற்றினாள், பருப்புக்கூழை ஊட்டினாள். கடைசி நாளன்று அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"திர்சா, அந்த எல்லைக்கல்லு..."

"இப்பக்கூடவா?" என்றாள் அவள். "சாகப் போற நேரத்துலகூட அதுதானா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு, துணியைப் பிழியத் திரும்பினாள். மீண்டும் பார்த்தபோது அவன் புன்னகைப்பதுபோல இருந்தது. அதன்பின் அவன் பேசவில்லை.

துக்கம் காக்கும் முறைப்படி அவள் மேலாடையின் கழுத்தைப் பிடித்துக் கிழித்தாள். ஏழு நாள்கள் தரையில் அமர்ந்தாள். கண்களில் நீர் வரவில்லை. துக்க நாள்கள் கழிந்ததும், கிழிந்த இடத்தைச் சின்னஞ்சிறு தையல்களாகப் போட்டுத் தைத்தாள். இப்போது கண்பார்வை மங்கிவிட்டிருந்த எக்லாள் அதைக் கைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேர்த்தியாத் தைச்சிருக்கே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இரத்தப்பொறுப்பு தெக்கோவா ஊரிலிருந்த, ஏபேரின் பெரியப்பன் மகனுக்குச் சென்றது. அவன் யாமீனைப் பார்த்ததுகூட இல்லை. ஆயினும் வந்து, ஈட்டியை எடுத்துச் சென்றான்.

அதே ஆண்டு, வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில், ஆடையைக் கிழித்துக்கொண்டு தலையில் புழுதியுடன் ஒரு லேவியன் எருசலேமின் பாதையிலிருந்து ஓடிவந்தான். பிரதான ஆசாரியர் இறந்துவிட்டார். வயல்களில் அரிவாள்கள் நின்றன. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். திர்சாளும் மற்றவர்களோடு அழுதாள். ஆனால் எதற்காக அழுகிறோம் என்பதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள அவள் அஞ்சினாள்.

ஆசேல் நரைத்த தாடியுடன் ஊருக்குள் நடந்துவந்தான். ஏபேரின் வீட்டு வாசலைக் கடக்காமல், கீழ்ச்சரிவைச் சுற்றிக்கொண்டு வந்தான். இப்போது அவனை எவரும் ஒன்றும் செய்ய இயலாது. ஆயினும், எக்லாளின் முன்னே நடந்துசெல்ல அவனுக்குக் கால் வரவில்லை. மூப்பர்கள் அவனைக் கண்டு எழுந்து நின்று, "சமாதானம்" என்றார்கள்.

திர்சாள் தந்தை வீட்டு வாசலில் காத்திருந்தாள். உள்ளே தூசி தட்டி, பாய் விரித்து, அடுப்பு மூட்டியிருந்தாள். அவனைக் கண்டதும், பழக்கிவைத்திருந்த சொற்கள் அனைத்தும் மறந்துபோயின. அவள் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா இல்லைடா. எப்பவோ போயிட்டார். நான்தான் மறைச்சேன். கழுதை, வெள்ளாடு, திராட்சைக்கொடி எல்லாம் பொய்டா."

ஆசேல் அவளைத் தூக்கி நிறுத்தினான்.

"தெரியும்க்கா."

"யாரு சொன்னா? நான் ஊரையே கெஞ்சியிருந்தேனே!"

"மச்சான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவளை வாசற்படியில் அமரச் செய்து, தானும் அருகில் அமர்ந்தான்.

"அன்னிக்கு மத்தியானம் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னார்க்கா, கையில ஈட்டியோட. 'மாப்ளே, கிட்ட வா, ஆனா தாண்டாதே'ன்னார். 'உங்க அப்பா காலையில போயிட்டார். யார் மூலமாவது உனக்குச் சேதி வரும். வந்தா நீ ஓடிவருவே. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன். தாண்டினே, நான் செய்வேன். பொய் சொல்லலை, செய்வேன்' அப்படின்னார். எனக்கு வெறி பிடிச்சுடுச்சு. தாண்டப் போனேன். ஈட்டியை என் நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டே அழுதார்க்கா. 'என்னைச் செய்ய வைக்காதே மாப்ளே, உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்'னு கதறினார். நான் அப்படியே உக்காந்துட்டேன்."

திர்சாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏழு நாளும் அங்கேயே இருந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அப்பாவுக்காக நான் சட்டையைக் கிழிச்சேன், அவரும் உள்சட்டையைக் கிழிச்சுக்கிட்டார். உன் கண்ணுல படக்கூடாதுன்னு அங்கேயே முள்ளால குத்தி மூடிக்கிட்டார். தனியா உக்காந்து துக்கம் காக்கக் கூடாதுடான்னார்."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை? நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"அவர்தான் சத்தியம் வாங்கிக்கிட்டார். 'நான் இளகினவன்னு அவளுக்குத் தெரிஞ்சா, கொல்ல மாட்டேன்னு நம்பிடுவா. நம்பினா, ஒருநாள் திருவிழாவுக்கோ, யாருக்காவது உடம்பு சரியில்லைன்னோ உன்னை வெளியே கூட்டிட்டு வந்துடுவா. அன்னிக்கு நான் செஞ்சுதான் ஆகணும். அவ என்னை நம்பாம இருக்கிற வரைக்கும்தான் நீ உயிரோட இருப்பே'ன்னார். 'அவ உன்கிட்ட மறைப்பா. நீயும் தெரியாத மாதிரியே இரு'ன்னார்."

"அதனாலதான் ஒவ்வொரு தடவையும் அப்பாவைப் பத்திக் கேட்டியா?"

"முதல் தடவை அதனாலதான் கேட்டேன்." ஆசேல் தரையைப் பார்த்தான். "அப்புறம், நீ சொன்ன அப்பா நல்லாயிருந்தார்க்கா. கால்வலி இல்லாம, வெள்ளாட்டோட சண்டை போட்டுக்கிட்டு. அவரைப் பத்திக் கேட்க எனக்குப் பிடிச்சிருந்துது. மச்சான் போன சேதி வந்த அன்னிக்கே உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும்னு காத்திருந்தேன். அதுக்கப்புறம் நீ வரவேயில்லை."

சிரிச்சானா என்று ஏபேர் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. அந்த எல்லைக்கல்லு என்று தொடங்கி, அவன் முடிக்காமல் விட்டதும் நினைவு வந்தது. அப்போது துணியைப் பிழியத் திரும்பாமல் இருந்திருந்தால், இன்னும் சில சொற்கள் வந்திருக்கும். தூங்காத ஒருவர் தன் சொல்லைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் கர்த்தரைப் பற்றிச் சொல்வார்கள். அவள் அதை எப்போதும் ஓர் அச்சுறுத்தலாகவே கேட்டிருந்தாள். அந்தச் சொல்லோடு ஒரு மனிதன் தன் வீட்டில் தன் மனைவியாலேயே வெறுக்கப்பட்டு, வெயில் அதிகம் தண்ணீர் எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு, இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறான். அவன் அந்தச் சொல்லைத் தளரவிட்டிருந்தால், இதோ அருகில் அமர்ந்திருக்கும் நரைத்த தாடி இங்கே இருந்திருக்காது.

"அப்பா குகைக்குப் போயிட்டு வர்றேன்க்கா" என்று ஆசேல் எழுந்தான். "நீயும் வர்றியா?"

"நீ போ. எனக்கு வீட்டுல வேலை இருக்கு."

அவள் வீட்டுக்கு வந்தாள். கதவின் பின்புறம் ஈட்டி சாத்தியிருந்த இடத்தில், எண்ணெய்க் கறை சுவரில் அப்படியே இருந்தது. அதன் கீழே தரையில் அமர்ந்தாள். முதலில் ஓசையின்றியும், பிறகு தெருவுக்கே கேட்கும்படியும் அழுதாள்.

திரிகையருகே இருந்த எக்லாள், சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"யாரு, திர்சாவா? எதுக்குடி இந்த அழுகை? உன் தம்பி உயிரோட வந்துட்டானே. ஊரே சொல்லுது."

"அவனுக்காக அழலை அத்தை. உங்க பிள்ளைக்காக அழறேன்."

"எந்தப் பிள்ளைக்காக?"

"உங்க மூத்த பிள்ளைக்காக."

எக்லாள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்பத்தானா உனக்கு அழுகை வந்துது?" என்றாள் கசப்புடன். "மழைக்காலத்துல அது எங்கே போயிருந்துது? வந்தவங்க எல்லாரும் உன் முகத்தையே பார்த்தாங்க. நான் கண்ணு தெரியாதவ, எனக்கே தெரிஞ்சுது."

"அவர் போனது எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அத்தை."

அதற்கு என்ன பொருள் என்று எக்லாள் கேட்கவில்லை. திர்சாளும் விளக்கவில்லை. தன் மகன் கடமை மறவாதவன் என்ற பெருமிதத்தைத் தவிர அந்தக் கிழவியிடம் வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அது பொய்யும் இல்லை. அவன் கடமையை மறக்கவில்லைதான்.

திர்சாள் மேலாடையின் கழுத்தில், தான் போட்ட தையலைத் தேடி, நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். நேர்த்தியாகப் போட்ட தையல்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எக்லாள் அந்த ஓசையைக் கேட்டாள். மெல்லக் குனிந்து, தரையில் அவளருகே அமர்ந்தாள். கையை நீட்டித் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"கடைசி முடிச்சு இறுகியிருக்கு" என்றாள். "இப்படிக் கொடு."

எஞ்சியிருந்த பற்களுக்கிடையே அந்த நூலை வைத்து, அவள் கடித்து அறுத்தாள்.